பழைய பெயர், புதிய கலவை

(செவிலிமேட்டில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் பீர். அழைப்பிதழில் இதைப் பார்த்துவிட்டு, "வேறு தலைப்பே கிடைக்கவில்லையா சார்?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். வரதராஜப் பெருமாள் இருக்கும் காஞ்சிபுரம் இது. அண்ணா பிறந்த ஊரும் இதுவே. முதலமைச்சரான பிறகும், வருமானம் வரும் என்று எத்தனையோ பேர் சொல்லியும், மதுவிலக்கைத் தளர்த்த மறுத்தவர் அவர். ஆகவே தொடங்கும்போதே சொல்லிவிடுகிறேன். குடிக்கச் சொல்லி நான் வரவில்லை. குடிக்காதே என்று சொல்லவும் வரவில்லை. அதற்கு வேறு மேடைகள் இருக்கின்றன. பீரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. ஒரு பண்டம் பெயர் வாங்கிவிடுகிறது. இரண்டு மூன்று தலைமுறை அதை நம்பி வாங்குகிறது. ஒருநாள் அதைச் செய்கிறவர் உள்ளே போடும் சரக்கை மாற்றுகிறார், பெயரை மட்டும் அப்படியே வைத்துக்கொள்கிறார். இந்தக் கதை உலகத்தில் எந்தப் பண்டத்துக்கு விவரமாகப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தால், பீர்தான் முன்னால் நிற்கிறது. பீரில் தொடங்கினாலும் பேச்சு எங்கே போய்ச் சேரும் என்பது, தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும்.

பீருக்கு வேண்டியவை நான்கே. முளைகட்டி உலர்த்திய பார்லி, கசப்புக்கு ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, புளிக்க வைக்க ஈஸ்ட், தண்ணீர். 1516 ஏப்ரல் 23 அன்று பவேரியாவில் ஒரு சட்டம் போட்டார்கள்: பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்று. ஈஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்பது அப்போது தெரியாது, அது பட்டியலிலும் இல்லை. இந்தச் சட்டத்தைத் தூய்மைச் சட்டம் என்று இன்றைக்கும் ஜெர்மானியர்கள் கொண்டாடுகிறார்கள். ஆனால் கோதுமையும் ரை என்னும் தானியமும் ரொட்டிக்காரர்களுக்கு மிஞ்ச வேண்டும், விலை ஏறக் கூடாது என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. பிற்பாடு கோதுமைப் பீர் காய்ச்சும் உரிமையை அங்கே ஆண்ட குடும்பமே தனக்கென்று வைத்துக்கொண்டது. ஊருக்கு ஒரு சட்டம், அரண்மனைக்கு ஒரு சட்டம். அது கிடக்கட்டும். செய்முறை என்று நாம் பெரிதாகச் சொல்வதை ருசி மட்டும் முடிவு செய்வதில்லை. தானிய விலையும் வரியும் ஆட்சியும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. ஐந்நூறு வருடத்துக்கு முன்பே அப்படித்தான்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. செவிலிமேட்டுக்காரர்களுக்குத் தண்ணீரின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. வரதர் கோயிலுக்குள்ளேயே அனந்தசரஸ் குளம் இருக்க, இங்குள்ள சாலைக் கிணற்றிலிருந்துதான் ராமாநுஜர் தினமும் வரதருக்குத் தீர்த்தம் சுமந்தார் என்பது ஐதீகம். பட்டுக்குச் சாயம் போடுகிறவர்களும், பாலாற்றுத் தண்ணீரில் அலசினால்தான் நிறம் எடுக்கும் என்பார்கள். இங்கிலாந்தில் பர்ட்டன் என்ற ஊருக்கும் இதே பெருமை உண்டு. அந்த ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அதனால் அங்கே காய்ச்சிய பீருக்குத் தனிக் கசப்பு, தனித் தெளிவு. லண்டனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்த ஹாட்ஜ்சன் பீருக்குப் போட்டியாக 1822 வாக்கில் பர்ட்டன்காரர்கள் அதே வகையைக் காய்ச்சத் தொடங்கினார்கள். விரைவிலேயே இந்தியச் சந்தை பர்ட்டன் பக்கம் சாய்ந்தது. பிறகு மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீரில் ஜிப்சத்தைக் கரைத்து, பர்ட்டன் தண்ணீர் மாதிரி ஆக்கிக் காய்ச்சினார்கள். இன்றைக்கு ஒரே பெயருள்ள பீர் பத்து ஊரில் காய்ச்சப்படுகிறது என்றால், பத்து ஊர்த் தண்ணீரையும் ஒன்றுபோல் ஆக்கிய பிறகுதான் அது நடக்கிறது.

இனி வரிக்கு வருகிறேன். இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

இங்கிலாந்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் புது மதுவரி வந்தது. பானத்தில் ஆல்கஹால் 3.4 சதவீதம் வரை இருந்தால், அதிலுள்ள சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு வரி 9 பவுண்டு 27 பென்ஸ். 3.5 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் 21 பவுண்டு 1 பென்னி. புட்டியில் அடைத்த பீருக்கு அன்று வைத்த விகிதம் இது. அரை லிட்டர் புட்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3.4 என்றால் வரி சுமார் 16 பென்ஸ்; 3.5 என்றால் சுமார் 37 பென்ஸ். தசமத்தில் ஒரு புள்ளி ஏறினால் வரி இரண்டு மடங்குக்கு மேல். காய்ச்சுகிறவர் என்ன செய்வார்? ஃபாஸ்டர்ஸ் 4 சதவீதத்திலிருந்து 3.7-க்கு இறங்கியது. ஸ்பிட்ஃபயர் புட்டி 4.5-லிருந்து 4.2. ஓல்ட் ஸ்பெக்கிள்ட் ஹென் 5-லிருந்து 4.8. கடைசியில் சொன்னதில் மிச்சமாவது அரை லிட்டருக்கு ஏறக்குறைய 2 பென்ஸ்தான். இரண்டு பென்ஸுக்காகவா என்று தோன்றும். லட்சக்கணக்கில் புட்டி விற்கிறவருக்கு அது வருடத்துக்கு ஒரு பெரிய தொகை. குடிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியுமா? பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரியாது என்ற நம்பிக்கையில்தான் குறைக்கிறார்கள்.

இது அங்கே புதிதும் இல்லை. முதல் உலகப் போரின்போது தானியத் தட்டுப்பாடு வந்து, அரசாங்கமே பீரின் கனத்தைக் குறைக்கச் சொன்னது. போர் முடிந்தது, பீர் மட்டும் பழைய கனத்துக்குத் திரும்பவில்லை. நெருக்கடியில் குறைத்தது நெருக்கடி தீர்ந்த பிறகும் கூடுவதில்லை. ரயில் நிலையக் காப்பி டம்ளரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

நம் நாட்டில் இதே வரி எதிர்த் திசையில் வேலை செய்திருக்கிறது. பல மாநிலங்களில் பீருக்கான வரி, புட்டி எத்தனை, பெட்டி எத்தனை, லிட்டர் எத்தனை என்று பார்த்தது. உள்ளே ஆல்கஹால் எவ்வளவு என்று பார்க்கவில்லை. இரண்டு புட்டிக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை, ஒன்றில் போதை அதிகம் என்றால் வாங்குகிறவர் எதை எடுப்பார்? அதனால்தான் இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பகுதி 'ஸ்ட்ராங்' என்று அச்சடித்த பீர். 2018-ல் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த தரத்தில், 5 சதவீதம் வரை சாதாரண பீர், அதற்கு மேல் 8 வரை ஸ்ட்ராங் பீர். லண்டனில் வரி பீரை நீர்க்க வைத்தது. இங்கே வரி பீரை முறுக்கேற்றியது. ஐந்து வெள்ளைக்காரப் பீர் ஆலைகளைச் சேர்த்து 1915-ல் தொடங்கிய, கிங்ஃபிஷர் பீரைக் காய்ச்சும் யுனைடெட் புரூவரீஸ் இன்று ஹைனக்கன் கையில் இருக்கிறது, 2021-லிருந்து. முதலாளி மாறினார், மூலதனம் மாறியது, சட்டம் மாறியது. கிங்ஃபிஷர் பறவை மட்டும் லேபிளில் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். இந்தப் பேச்சில் நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்பும் கதை அங்கேதான் இருக்கிறது.

மில்வாக்கி நகரத்தில் ஷ்லிட்ஸ் என்றொரு பீர். அந்த ஊரின் பெயரையே தன் விளம்பர வாசகத்தில் வைத்துப் புகழ் பெற்ற பீர். எழுபதுகளின் நடுவில் அமெரிக்காவிலேயே இரண்டாவது பெரிய கம்பெனி. அதன் நிர்வாகத்துக்கு ஒரு யோசனை வந்தது: பீர் புளிக்க இத்தனை நாள் எதற்கு? நாள் குறைந்தால் அதே பீப்பாயில் வருடத்துக்கு இன்னும் பல முறை காய்ச்சலாமே. புளிப்பதை வேகப்படுத்தினார்கள். பார்லி மால்ட்டில் ஒரு பங்கைக் குறைத்து மக்காச்சோளப் பாகு சேர்த்தார்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் ருசி பார்ப்பவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். போன மாதத்துப் பீருக்கும் இந்த மாதத்துப் பீருக்கும் வித்தியாசம் இருக்கிறதா? இல்லை என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அடுத்த படியிலும் அதே கேள்வி, அதே பதில். ஆனால் பத்துப் படி இறங்கிய பிறகு, முதல் படியில் இருந்த பீரை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். பீர் குளிர்ந்தால் கலங்கும். கலங்காமலிருக்க சிலிகா ஜெல் என்ற பொருளைப் போட்டு வந்தார்கள். உள்ளே சேர்ப்பதையெல்லாம் லேபிளில் எழுத வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவரக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. 'சிலிகா' என்று லேபிளில் போட்டால் வாங்குகிறவன் பயப்படுவானே! வடிகட்டும்போதே வெளியேறிவிடும், ஆகவே எழுத வேண்டியிருக்காது என்று வேறொரு பொருளுக்கு மாறினார்கள். அந்தப் புதுப் பொருளும், நுரை நிற்பதற்காக ஏற்கெனவே சேர்த்துவந்த இன்னொரு பொருளும் புட்டிக்குள்ளேயே ஒன்றோடொன்று வினைபுரிந்தன. வெளிச்சத்துக்கு நேரே புட்டியைப் பிடித்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திப்பி திப்பியாக மிதந்தது. முதலில் ஒன்றுமில்லை, உடம்புக்குக் கெடுதி இல்லை என்று சமாளித்தார்கள். கடைசியில் 1976-ல் ஒரு கோடிப் புட்டிகளைச் சத்தமில்லாமல் திரும்பப் பெற்று அழித்தார்கள். 1981-ல் மில்வாக்கி ஆலையில் வேலைநிறுத்தம் வந்தது, ஆலை மூடப்பட்டது. 1982-ல் ஸ்ட்ரோ என்ற இன்னொரு கம்பெனி ஷ்லிட்ஸை விலைக்கு வாங்கியது.

பாக்கிக் கதை இதைவிடச் சுவை. 2008-ல் அந்தப் பெயரை அப்போது வைத்திருந்த பாப்ஸ்ட் கம்பெனி, அறுபதுகளின் ஷ்லிட்ஸையே திரும்பக் கொண்டுவருவோம் என்று முடிவெடுத்தது. தேடிப் பார்த்தால் பழைய செய்முறைத் தாளே இல்லை. ஓய்வு பெற்ற பழைய காய்ச்சுக்காரர்களைத் தேடிப் பிடித்து, எவ்வளவு போட்டீர்கள், எத்தனை நாள் வைத்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு அதை மறுபடி உருவாக்க வேண்டியிருந்தது. எதைக் குறைத்தோம் என்று எழுதி வைக்காததால் வந்த வினை.

இதற்கு நேர்மாறு கார்ல்ஸ்பெர்க். "அநேகமாக உலகத்திலேயே சிறந்த பீர்" என்று பல பத்தாண்டுகளாக இங்கிலாந்தில் விளம்பரம் செய்தவர்கள் அவர்கள். 2019 ஏப்ரலில் அவர்களே விளம்பரம் கொடுத்தார்கள்: அநேகமாக இது உலகத்தின் சிறந்த பீர் இல்லை, அதனால் மாற்றிவிட்டோம் என்று. தங்கள் பீரைத் திட்டி மக்கள் எழுதியதையெல்லாம் தங்கள் ஊழியர்களையே படிக்கவைத்துப் படம் எடுத்து வெளியிட்டார்கள். விளம்பரத் தந்திரம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் மாற்றியதை மறைக்கவில்லை. அதோடு அவர்களைத் தியாகிகள் ஆக்கிவிட வேண்டாம். புதுச் செய்முறையில் 3.8 சதவீதம் இருந்த அந்தப் பீர், சில வருடங்களுக்குள் 3.4-க்கு இறங்கிவிட்டது. அந்த 3.4 எங்கிருந்து வந்தது என்பதை முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

கோகோ கோலா கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1985 ஏப்ரல் 23 அன்று பழைய கோக்கை நிறுத்திப் புது ருசியில் ஒன்றை வெளியிட்டார்கள்; ஜனங்கள் கொதித்தார்கள்; ஜூலையில் பழையது திரும்ப வந்தது. பவேரியச் சட்டம் போட்டதும் ஒரு ஏப்ரல் 23-தான். வெறும் தற்செயல், ஆனால் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் வீட்டு வாசலுக்கே வருவோம். 2023 கடைசியில் ஆவின் பச்சைப் பாக்கெட் பால் பற்றி எவ்வளவு பேச்சு நடந்தது! பச்சையில் கொழுப்பு 4.5 சதவீதம். அதன் இடத்தில் ஊதா நிறப் பாக்கெட்டை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள், அதில் 3.5. விலை அதேதான். வீட்டுப் பெண்கள் இதைச் சதவீதமாகப் பார்க்கவில்லை. தயிர் உறைவதிலும், காய்ச்சிய பாலில் படியும் ஆடையிலும் பார்த்தார்கள். பத்திரிகைகள் எழுதின, எதிர்க்கட்சிகள் அறிக்கை விட்டன. ஆவினுக்காக ஒன்று சொல்வேன். நிறம் வேறாக இருந்தது, பாக்கெட்டில் சதவீதம் அச்சடித்திருந்தது. அதனால்தான் நம்மால் சண்டை போட முடிந்தது. பச்சைப் பாக்கெட்டுக்குள்ளேயே சத்தமில்லாமல் 3.5-ஐ ஊற்றியிருந்தால் நாம் பால்காரரையும் மாட்டையும்தான் திட்டிக்கொண்டிருப்போம்.

சரி, காஞ்சிபுரம்.

இட்லியை முதலில் முடித்துவிடுகிறேன். வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாத இட்லி மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகும். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் எல்லாம் மணக்கும். ஓட்டல்களில் 'காஞ்சிபுரம் இட்லி' என்று டம்ளரில் ஊற்றி, கேரட்டும் முந்திரியும் தூவி, சட்னி சாம்பாரோடு வருகிறது. அதில் எனக்குப் புகார் இல்லை. பார்த்தாலே தெரிகிறது அது வேறு, இது வேறு என்று. யாரும் ஏமாறுவதில்லை. காசும் பெரிய காசு இல்லை.

புடவை அப்படி இல்லை. கல்யாணப் புடவைக்கு ஒரு குடும்பம் மாதக் கணக்கில் சேர்த்துவைக்கிறது. அந்தப் புடவையில் பட்டு எவ்வளவு என்பதைவிட, ஜரிகையில் என்ன இருக்கிறது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளியைக் கம்பியாக இழுத்து, தட்டையாக்கி, சாயம் போட்ட பட்டு நூலின் மேல் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் ஏற்றினால் அது அசல் ஜரிகை. நகத்தால் ஒரு இழையைச் சுரண்டிப் பார்த்தால், மேலே மஞ்சள், அதற்குக் கீழே வெள்ளை, நடுவில் சிவப்புப் பட்டு நூல் தெரியும். வெள்ளிக்குப் பதில் செம்பு மட்டும் இருந்து அதன்மேல் பூச்சு ஏற்றியிருந்தால் அது இரண்டாம் தரம். பாலியெஸ்டர் படலத்தில் உலோகப் பூச்சு ஏற்றி வெட்டியது பிளாஸ்டிக் ஜரிகை. நெருப்பில் காட்டினால் சுருண்டு உருகும்.

ஜரிகையை எடைபோடும் கணக்கு மார்க். ஒரு மார்க் 242 கிராம். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-ல் கிடைத்தது. அந்தக் குறியீட்டுக்குரிய ஜரிகையில் வெள்ளி 57 சதவீதமும் தங்கம் 0.6 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் காஞ்சிபுரத்தில் அரசே நடத்தும் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் நெசவாளர் சங்கங்களுக்குத் தரும் ஜரிகையின் கலவை வேறு: வெள்ளி 40 சதவீதம், பட்டு 24 சதவீதம், தங்கம் அரை சதவீதத்தை ஒட்டி, மீதியெல்லாம் செம்பு. இந்த 40 சதவீத ஜரிகை போலி அல்ல. அரசு சோதித்துத் தருவது. வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில் சாதாரணக் குடும்பம் வாங்கும் விலையில் புடவை நிற்க வேண்டுமே என்று எடுத்த முடிவு அது. எனக்கு அந்த முடிவில்கூடச் சண்டை இல்லை.

கணக்கை மட்டும் பாருங்கள். 242 கிராமில் 57 சதவீதம் என்றால் வெள்ளி 138 கிராம். 40 சதவீதம் என்றால் 97 கிராம் கூட இல்லை. மார்க் ஒன்றுக்கு 41 கிராம் வெள்ளி குறைகிறது, அந்த இடத்தில் செம்பு வருகிறது. வெள்ளி கிலோ ஒரு லட்ச ரூபாயைத் தொட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த விலைக்கே போட்டாலும் மார்க் ஒன்றுக்கு 4,100 ரூபாய் வித்தியாசம். அங்கே இங்கிலாந்தில் இரண்டு பென்ஸுக்காகக் கலவையை மாற்றுகிறார்கள் என்று சிரித்தோம். இங்கே ஒரு மார்க்கில் நாலாயிரம். இது அரசு ஒப்புக்கொண்டு, சோதித்துத் தரும் ஜரிகைக்கான கணக்கு. 40-க்கும் கீழே போய், 57-க்கு உரிய விலை சொல்லுகிற இடங்களில் எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் நெசவாளரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பாவும் ஊடையும் ஜரிகையும் சங்கமோ முதலாளியோ எடைபோட்டுக் கொடுப்பது. அவர் நெய்து திருப்பித் தருகிறார். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது முதலில் தெரிவது அவர் விரலுக்குத்தான். அசல் ஜரிகைக்கு ஒரு கனம் உண்டு. இழுத்த இழுப்புக்கு வராது, கவனிக்காவிட்டால் முறுக்கு விழுந்து அறுந்துபோகும். பிளாஸ்டிக் ஜரிகை லேசு, நீண்டு கொடுக்கும், வேலை சீக்கிரம் நடக்கும். அவருக்குத் தெரியும். கடைக்காரருக்குத் தெரியும். பணம் கொடுக்கிறவருக்கு மட்டும் தெரியாது.

அந்தப் பணம் கொடுத்தவருக்கு எப்போது தெரியவருகிறது? "பழைய பட்டுப்புடவை வாங்குறது" என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு ஒருவர் வருகிறாரே, அன்றைக்கு. அம்மாவின் கல்யாணப் புடவை, இருபது முப்பது வருடம் பீரோவில் இருந்தது. அவர் முந்தியிலிருந்து நாலு இழையை உருவுகிறார். தேய்த்துப் பார்க்கிறார், கொளுத்திப் பார்க்கிறார். ஒரு விலை சொல்கிறார். பக்கத்தில் இன்னொரு புடவை, அதைவிட அதிக விலை கொடுத்து வாங்கியது. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம்மா" என்று தள்ளி வைக்கிறார். ஷ்லிட்ஸ் கம்பெனியில் யாரும் செய்யாத சோதனையை, பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்ப்பதை, அந்த மனிதர் ஒரு நிமிஷத்தில் செய்துவிடுகிறார்.

சரி, முத்திரைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் 2004-ல் வந்தது. அது பட்டு சுத்தப் பட்டா என்று சொல்லும்; ஜரிகையைப் பற்றி வாய் திறக்காது. கைத்தறி முத்திரை, தறி கைத்தறியா என்று சொல்லும். 1985-ன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் எதை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று சொல்லும். எல்லாம் தேவைதான். தங்க நகைக்கு 2021-லிருந்து ஹால்மார்க் கட்டாயம். இரண்டு கிராம் மோதிரத்தில்கூட எத்தனை காரட் என்று பொறித்திருக்கிறது. வெள்ளியும் தங்கமும் சேர்ந்து நெய்த புடவைக்கு அப்படிப்பட்ட கட்டாயம் எதுவும் இல்லை. உலோகத்தின் மேல் எக்ஸ்ரே பாய்ச்சி, எதில் எது எத்தனை சதவீதம் என்று சொல்லும் கருவி இன்று நகைக் கடைகளில் சாதாரணம். ஜரிகையையும் அதில் வைத்துப் பார்க்க முடியும், பார்க்கிறார்கள். பார்த்த எண் புடவையோடு வாடிக்கையாளர் கைக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி.

இங்கே நீங்கள் ஒன்று கேட்கலாம்: எல்லாம் மாறிக்கொண்டுதானே இருக்கிறது, ஜரிகை மட்டும் ஏன் மாறக் கூடாது? மாறட்டும். உருவம் நெய்யும் பழைய அடை முறைக்குப் பதில் ஜக்கார்டு வந்தது. சாயம் மாறியது. மூன்று நாடா ஓட்டி, பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து நெய்த கோர்வைப் புடவை குறைந்துகொண்டு வருகிறது. குழந்தைகள் தறியிலிருந்து பள்ளிக்கூடம் போனதால் குறைந்தது என்றால் அது நல்லதற்கே. புடவை கனமாக இருந்தால் இன்றைய பெண்கள் உடுத்தமாட்டேன் என்கிறார்கள். லேசான ஜரிகையில் லேசான புடவை வரட்டும். செம்பு ஜரிகைப் புடவையைச் செம்பு ஜரிகை என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்கட்டும். வாங்க ஆள் இருக்கிறார்கள், நெய்ய வேலை இருக்கும். எனக்கு இருப்பது ஒரே ஒரு ஆட்சேபம்தான்.

இருநூறு ரூபாய் பீர் புட்டியை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று எண்ணில் எழுதியிருக்கிறது. எழுதாமல் விற்க முடியாது, சட்டம் விடாது. இங்கிலாந்தில் 4.2 ஆனதும், 3.7 ஆனதும் எல்லோருக்கும் தெரிந்தது அந்த எண்ணால்தான். அரை லிட்டர் பாலில் கொழுப்பு எத்தனை என்று எழுதியிருக்கிறது. இருபதாயிரம், ஐம்பதாயிரம், ஒரு லட்சம் கொடுத்து வாங்கும் காஞ்சிபுரம் பட்டுப் புடவையின் பில்லில், நான் பார்த்தவரை, 'பட்டுப் புடவை ஒன்று' என்றுதான் இருக்கிறது. மிஞ்சினால் 'ப்யூர் ஜரி' என்று இரண்டு சொல். ப்யூர் என்றால் 57-ஆ, 40-ஆ, 4-ஆ?

இதைச் சரிசெய்யப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த அவையில் சங்க நிர்வாகிகள் இருக்கிறீர்கள், கடை வைத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். வெள்ளி இத்தனை, தங்கம் இத்தனை, எடை இத்தனை என்று பில்லில் மூன்று வரி சேர்க்க முடியாதா? நேர்மையாக 40 சதவீத ஜரிகை போடுகிறவருக்கு அதனால் நஷ்டம் இல்லை, லாபம்தான். 57 போடுகிறவருக்கு இன்னும் லாபம். எழுதத் தயங்குகிறவர் யார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்கும்போது நிறம் பாருங்கள், முந்தி பாருங்கள், பேரமும் பேசுங்கள். பணம் கட்டும் முன்னால், ஜரிகையில் வெள்ளி எத்தனை சதவீதம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருகிற கடையில் எடுங்கள். தராத கடையில் எடுக்காதீர்கள்.